கோழி எருக் கலனின் வடிநீர்: காற்றூட்டும் தொட்டியில் அம்மோனியா பாதிக்கு மேல் குறைய மறுக்கிறது

கேள்வி: முட்டைக்கோழிப் பண்ணையாளர்

அனைவருக்கும் வணக்கம். நாமக்கல் மாவட்டத்தில் 40,000 முட்டைக்கோழிகள் உள்ள பண்ணையை நடத்தி வருகிறேன். தினமும் வரும் 4 டன் எருவுடன் ஜவ்வரிசி ஆலையிலிருந்து வாங்கும் திப்பியையும் (மாவு எடுத்தபின் மிஞ்சும் மரவள்ளிச் சக்கை) கலந்து, தண்ணீர் விட்டுக் கரைத்து, எரிவாயுக் கலனுக்குள் செலுத்துகிறோம். வாயுவில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கன மீட்டர் கிடைக்கிறது. அதை எரித்து 500 யூனிட் வரை மின்சாரம் எடுக்கிறோம். கலனிலிருந்து வெளிவரும் ஸ்லரியை ஸ்க்ரூ பிரஸ்ஸில் பிழிந்து, சக்கையை உரமாக விற்றுவிடுகிறோம். பிழிந்தபின் மிஞ்சும் வடிநீர், நாளொன்றுக்கு 18 கன மீட்டர், அதுதான் இப்போது தலைவலியாக இருக்கிறது.

அதற்காக 90 கன மீட்டரில் ஒரு தொட்டி கட்டி, அடியில் காற்றைக் குமிழிகளாகப் பிரித்துவிடும் டிஃப்யூசர் பதித்து, காற்றை ஊதும் புளோயர் வைத்து, நகராட்சிக் கழிவுநீர் நிலையம் ஒன்றிலிருந்து இரண்டு டேங்கர் சேறு கொண்டுவந்து விதையாகப் போட்டோம். முதல் மூன்று வாரம் அம்மோனியா மளமளவென்று குறைந்தது. அதன் பிறகு ஓரிடத்தில் நின்றவாறே நிற்கிறது. சென்ற வாரம் ஆய்வுக்கூடத்தில் கொடுத்து வாங்கிய அளவுகள் வருமாறு. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. உள்ளே போகும் நீரில் சிஓடி (கரிமக் கழிவின் மொத்த அளவைக் காட்டுவது) 6,000, பிஓடி (அதில் நுண்ணுயிர்கள் செரிக்கக்கூடியதைக் காட்டுவது) 1,500, அம்மோனியா நைட்ரஜன் 2,000, காரத்தன்மை (அமிலத்தை ஈடுகட்டும் திறன்) கால்சியம் கார்பனேட் கணக்கில் 8,000, பிஎச் 8.1. வெளியே வரும் நீரில் சிஓடி 4,300, பிஓடி 420, அம்மோனியா நைட்ரஜன் 900, நைட்ரைட் நைட்ரஜன் 950, நைட்ரேட் நைட்ரஜன் 60, பிஎச் 6.1. தொட்டி நீரின் வெப்பநிலை 32 டிகிரி.

தொட்டியைக் கட்டிக் கொடுத்தவர் காற்று போதவில்லை என்று சொல்லி இன்னொரு புளோயர் வாங்கச் சொன்னார். வாங்கி ஓட்டியும் அளவுகளில் மாற்றமில்லை, மின் கட்டணம்தான் ஏறியது. பிறகு சுண்ணாம்பு போடச் சொன்னார். ஒரு நாள் காலையில் 25 கிலோ மூட்டை ஒன்றை அப்படியே கொட்டினோம். அரை மணி நேரத்தில் கண் எரியும் அளவுக்கு அம்மோனியா நெடி கிளம்பி, வேலையாட்கள் தொட்டிப் பக்கமே போக மறுத்துவிட்டார்கள். அன்றோடு சுண்ணாம்பை நிறுத்திவிட்டேன். மேலே தந்துள்ள அளவுகள் அதற்கு இரண்டு வாரம் கழித்து எடுத்தவை. பம்பின் வளைவுக் குழாயில் வெள்ளையாகக் கல் போல ஏதோ படிந்து பாதிக் குழாயை அடைத்திருக்கிறது. அதுவும் இதோடு தொடர்புடையதா என்று தெரியவில்லை. 12 ஏக்கரில் கம்பு நேப்பியரும் தென்னையும் உண்டு. இந்த நீரை எந்த நிலைக்குக் கொண்டுவந்து நிலத்தில் பாய்ச்சுவது, அதற்கு இந்தத் தொட்டியில் என்ன மாற்றம் செய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: நேப்பியர் விவசாயி

ஐயா, நீங்கள் செலவு செய்து காற்றில் விட நினைப்பது உரத்தை என்பதை முதலில் நினைவூட்ட விரும்புகிறேன். 18 கன மீட்டரில் கன மீட்டருக்கு 2 கிலோ வீதம் 36 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன் என்பதால், இது நாளொன்றுக்கு 78 கிலோ யூரியாவுக்குச் சமம். 45 கிலோ மூட்டையில் ஒன்றே முக்கால் மூட்டையைத் தினமும் புளோயர் வைத்துக் கரைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் மாட்டுச் சாணக் கலனின் ஸ்லரியை ஒன்றுக்குப் பத்துப் பங்கு பாசன நீரில் கலந்து, கோ-5 நேப்பியருக்கு ஒவ்வோர் அறுப்புக்குப் பின்னும் வாய்க்கால் வழியாகப் பாய்ச்சுகிறேன். பத்து ஆண்டுகளாக யூரியா வாங்கியதில்லை. சொட்டுநீர்க் குழாயில் மட்டும் விடாதீர்கள். எந்த வடிகட்டியும் இரண்டு நாள் தாங்காது. கோழி எரு வடிநீர் மாட்டுச் சாணத்தைவிட வீரியமானது என்பதால் இன்னும் நீர்க்கச் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பதில் 2: கழிவுநீர்ப் பொறியாளர்

பண்ணையாளர் ஐயாவுக்கு வணக்கம். நேப்பியர் விவசாயி சொல்வதை முழுமையாக ஏற்கிறேன், ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு ஏற்கிறேன். நாளொன்றுக்கு 36 கிலோ என்றால் ஆண்டுக்கு 13 டன் நைட்ரஜன். நேப்பியர் பேராசைக்காரப் பயிர். எக்டேருக்கு ஆண்டுக்கு 500 கிலோ எடுத்துக்கொள்ளும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். உங்கள் 12 ஏக்கர், அதாவது ஐந்து எக்டேருக்குச் சற்றுக் குறைவான நிலம், தென்னையையும் நேப்பியர் கணக்கிலேயே சேர்த்தாலும் ஆண்டுக்கு இரண்டரை டன்னைத் தாண்டி எடுக்காது. மீதி பத்து டன்னுக்கு மேல் எங்கே போகும்? கொஞ்சம் அம்மோனியாவாகக் காற்றில் போகும். மற்றது மண்ணில் நைட்ரேட்டாக மாறி, மழைக்கும் பாசனத்துக்கும் கீழிறங்கி, உங்கள் ஆழ்துளைக் கிணற்றுக்கே வந்து சேரும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் வரம்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் நைட்ரேட் பாதிப்புக்குள்ளாகும் பகுதிகளில் கால்நடை எருவிலிருந்து எக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ நைட்ரஜனுக்கு மேல் இடக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அந்த அளவுகோலில் உங்களுக்கு 190 ஏக்கர் வேண்டும். ஆகவே பக்கத்துத் தோட்டங்களுக்கு டேங்கரில் அனுப்ப வழி இருந்தால் அனுப்புங்கள். அதற்கு மேல் மிஞ்சுவதைத்தான் தொட்டி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது தொட்டிக்கு வருகிறேன். உங்கள் அளவுகளைப் பார்த்ததும் எனக்குச் சிறிது மகிழ்ச்சியாகவே இருந்தது, ஏனென்றால் கணக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. தொட்டி பழுதாகவில்லை. அதனிடம் இருந்த கைம்முதலுக்கு எவ்வளவு செய்ய முடியுமோ அவ்வளவையும் செய்துவிட்டு நின்றிருக்கிறது.

அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் அந்த வேலையின்போது அமிலத்தை வெளிவிடுகின்றன. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற 7.14 கிராம் காரத்தன்மை கரைந்துபோகும். உங்கள் நீரில் 2,000 மில்லிகிராம் அம்மோனியா. அத்தனையையும் மாற்ற 14,280 காரத்தன்மை வேண்டும். கையில் இருப்பது 8,000. 8,000-ஐ 7.14-ஆல் வகுத்தால் 1,120. உங்கள் தொட்டியில் குறைந்திருக்கும் அம்மோனியா 1,100. இதற்கு மேல் எத்தனை புளோயர் வைத்தாலும் ஒரு மில்லிகிராம்கூடக் குறையாது. இது உங்கள் பண்ணைக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. காற்றில்லாக் கலனுக்குள் புரதமும் யூரிக் அமிலமும் சிதையும்போது வெளிப்படும் அம்மோனியா, அங்கேயே உருவாகும் கரியமில வாயுவோடு சேர்ந்து அம்மோனியம் பைகார்பனேட்டாகத்தான் நீரில் கரைந்து நிற்கிறது. அதில் ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 3.57 கிராம் காரத்தன்மை கூடவே வருகிறது. தேவையில் சரிபாதி. அதனால்தான் எந்த ஊர்க் கலனின் வடிநீரை வெறுமனே காற்றூட்டினாலும் பாதியைச் சற்றுத் தாண்டியதும் பிஎச் சரிந்து வேலை நின்றுவிடுகிறது.

நைட்ரைட் நைட்ரேட்டாக ஏன் மாறவில்லை என்பதற்கும் விடை இங்கேயே உள்ளது. நைட்ரைட்டை உண்ணும் நுண்ணுயிர்கள் இரு பக்கமும் அடி வாங்குகின்றன. பிஎச் உயரத்தில் இருக்கும்போது கரைந்த அம்மோனியாவில் ஒரு பங்கு வாயு வடிவ அம்மோனியாவாக நிற்கும். அது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் இருந்தாலே அவை முடங்கத் தொடங்கும். பிஎச் சரிந்த பிறகு நைட்ரைட்டில் ஒரு சிறு பங்கு நைட்ரஸ் அமிலமாக மாறும். உங்கள் 950 நைட்ரைட்டுக்கு 6.1 பிஎச்சிலும் 32 டிகிரியிலும் கணக்கிட்டால் நைட்ரஸ் அமிலம் ஏறத்தாழ 4.7 மில்லிகிராம் வருகிறது. அந்த நுண்ணுயிர்கள் 0.2 முதல் 2.8 மில்லிகிராமுக்குள்ளாகவே ஓய்ந்துவிடும் என்று 1976-இல் ஆந்தோனிசனும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு இன்றும் எல்லோராலும் எடுத்தாளப்படுகிறது. நான்கைத் தாண்டினால் அம்மோனியாவை உண்ணும் கூட்டமும் தளர்ந்துவிடும்.

சுண்ணாம்பு விவகாரமும் இதே கணக்குத்தான். 32 டிகிரியில் பிஎச் 7 என்றால் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குதான் வாயு வடிவில் இருக்கும், பிஎச் 8.5 ஆனால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாயுவாகிவிடும். மூட்டையை ஒரே இடத்தில் கொட்டியதும், கொட்டிய இடத்தில் பிஎச் பத்து, பதினொன்றுக்கு ஏறி, புளோயர் அந்த வாயுவை அப்படியே வெளியே தள்ளியது. வேலையாட்கள் ஓடியதில் வியப்பில்லை. குறையும் காரத்தன்மையை முழுக்கச் சுண்ணாம்பால் ஈடுகட்ட நினைத்தால் நாளொன்றுக்கு நீற்றிய சுண்ணாம்பு 84 கிலோ வேண்டும். அத்தனையும் அடியில் சேறாகப் படிந்து டிஃப்யூசரை அடைக்கும். ஆப்பசோடா போட்டால் 190 கிலோ. விலை ஒருபுறம் இருக்க, அந்தச் சோடியம் முழுதும் உங்கள் மண்ணுக்குப் போய்ச் சேரும். இரண்டும் வேண்டாம்.

வெளியிலிருந்து காரம் வாங்காமலே இந்தக் கணக்கை நேர் செய்ய ஒரு வழி உண்டு. காற்றை நிறுத்தி, தொட்டியை வெறுமனே கலக்கி, நுண்ணுயிர்களுக்குத் தின்ன ஏதாவது கரிமப் பொருளைக் கொடுத்தால், அவை உயிர்வளிக்கு (ஆக்சிஜனுக்கு)ப் பதிலாக நைட்ரைட்டைப் பயன்படுத்தி அதை நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். அந்த வேலையில் ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 3.57 கிராம் காரத்தன்மை திரும்பக் கிடைக்கும். 7.14 செலவு, 3.57 வரவு, நிகரச் செலவு 3.57. அம்மோனியாவோடு கூடவே வந்த காரத்தன்மையும் அதே 3.57. வடிநீர் தன் செலவுக்குத் தானே கொண்டுவந்திருக்கிறது. நாம்தான் இரண்டாவது பாதி வேலைக்கு இடம் கொடுக்காமல் இருபத்து நான்கு மணி நேரமும் காற்றை ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

பண்ணையாளர்

பொறியாளர் ஐயா, மூன்று மாதமாக யாரும் எனக்கு இப்படிக் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. மிக்க நன்றி. நேப்பியர் விவசாயி அண்ணா, பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவர் வாரத்துக்கு ஐந்தாறு லோடு எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறார்கள். ஆனால் மழைக்காலத்தில் ஒருவரும் கேட்பதில்லை. அந்த நாட்களுக்குத்தான் தொட்டி கட்டாயம் தேவைப்படுகிறது. கரிமப் பொருள் என்று எதைப் போடலாம்? இப்போது தொட்டியில் நிற்கும் 950 நைட்ரைட்டை என்ன செய்வது?

பதில் 3: அசோலா அன்பர்

இத்தனை இயந்திரம் எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு குளம் வெட்டி அசோலாவோ வாத்துப்பாசியோ வளர்த்தால் அவை அம்மோனியாவை உறிஞ்சி வளரும், அவற்றையே கோழிக்குத் தீவனமாகவும் போடலாம். நான் சாண ஸ்லரியைக் கரைத்து ஊற்றித்தான் அசோலா வளர்க்கிறேன்.

பதில் 4: கழிவுநீர்ப் பொறியாளர்

அசோலா அன்பரே, கடைசி மெருகுக்கு அது நல்ல வழிதான். முதல் வேலைக்கு ஆகாது. 2,000 அம்மோனியா உள்ள நீரில் வாத்துப்பாசி ஒரே நாளில் வெளுத்துச் செத்துவிடும். அது பிழைக்க வேண்டுமானால் நீரை முப்பது, நாற்பது மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும். நாளொன்றுக்கு 18 கன மீட்டர் வடிநீருக்கு 600 கன மீட்டர் நல்ல தண்ணீரை நாமக்கல்லில் யாரிடம் கேட்பது? பாசிக்குளமும் அப்படியே. இந்த நீர் டீ டிக்காஷன் நிறத்தில் இருப்பதால் வெயில் மேற்பரப்பிலிருந்து சில சென்டிமீட்டருக்குக் கீழே இறங்காது. அசோலாவுக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. அது தன்னோடு வாழும் நீலப்பச்சைப்பாசியின் துணையால் காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடிக்கும் செடி. நைட்ரஜனைக் குறைப்பதற்காக அதை நியமிப்பது அவ்வளவு பொருத்தமான வேலையாகப் படவில்லை.

பண்ணையாளர் ஐயா, உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் வருகிறேன்.

நைட்ரைட்டை வாயுவாக்க நடைமுறையில் ஒரு கிராம் நைட்ரஜனுக்கு எளிதில் செரிக்கும் சிஓடி 3 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். நைட்ரேட்டாக இருந்தால் ஐந்து வரை கேட்டிருக்கும். நைட்ரைட்டோடு நின்றது இந்த வகையில் உங்களுக்கு இலாபம். இப்போது தொட்டியில் நிற்பது 90 கன மீட்டரில் 85 கிலோ நைட்ரைட் நைட்ரஜன். அதற்கு 255 கிலோ சிஓடி தேவை. பரமத்தி வேலூர்ப் பக்கத்து ஆலைகளிலோ பிலிக்கல்பாளையம் சந்தையிலோ கசிந்து கெட்டுப்போன வெல்லம் கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஒரு கிலோ வெல்லம் ஏறத்தாழ ஒரு கிலோ சிஓடி. புது வடிநீர் விடுவதை நிறுத்தி, காற்றையும் நிறுத்தி, அடியில் சேறு தங்காதபடி ஒரு மிக்ஸரை மட்டும் ஓட்டி, வெல்லத்தைக் கரைத்து நாளுக்கு 40 கிலோ வீதம் ஆறேழு நாள் ஊற்றுங்கள். ஒரே நாளில் அத்தனையையும் கொட்டினால் நுரை கரையைத் தாண்டும். நைட்ரைட் குறையக் குறையப் பிஎச் தானாகவே 7-ஐத் தாண்டி ஏறுவதைப் பார்ப்பீர்கள். காற்று நிறுத்தியிருக்கும் நாட்களில் யாரும் தனியாகத் தொட்டிக்குள் இறங்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

அதன் பிறகு அன்றாட ஓட்டம். ஒரு நாளை ஆறு மணி நேரச் சுற்றுகள் நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் காற்று இல்லாமல் மிக்ஸர் மட்டும் ஓடும்போது 4.5 கன மீட்டர் வடிநீரை உள்ளே விடுங்கள். 90 கன மீட்டரில் அது கலக்கும்போது அம்மோனியா 100 மில்லிகிராம்தான் ஏறும். உங்கள் நுண்ணுயிர்கள் 2,000-ஐ ஒருநாளும் நேரில் பார்க்க வேண்டியதில்லை. முந்தைய சுற்றில் உருவான நைட்ரைட் இந்த ஒன்றரை மணி நேரத்தில் வாயுவாகும். பிறகு மூன்றரை மணி நேரம் காற்று. கரைந்த உயிர்வளி ஒரு மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம், இரண்டாவது புளோயரை விற்றுவிடலாம். கடைசி ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் நிறுத்திச் சேறு படிய விட்டு, மேல்நீரை வடித்துவிடுங்கள். தொடக்கத்தில் மூன்று வாரம் பாதி அளவு மட்டும் விட்டுப் பழக்குங்கள்.

தினசரி 36 கிலோ நைட்ரஜனுக்கு 108 கிலோ சிஓடி வேண்டும். வடிநீரிலேயே உள்ள பிஓடியில் ஒரு பகுதி உதவும். போக மீதி 70 கிலோ போல வெளியிலிருந்து வர வேண்டும். அதற்கு நீங்கள் வாங்கும் திப்பியே போதும். திப்பியில் ஒட்டியிருக்கும் மாவுச்சத்தை இட்லி மாவு போல ஒரு சிறு தொட்டியில் இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்தால் அசிட்டிக் அமிலம் போன்ற கரிம அமிலங்களாக மாறி நிற்கும். நைட்ரைட்டைத் தின்பவர்களுக்கு அதைவிடப் பிடித்த உணவு இல்லை. இது இலவசமன்று. கலனுக்குள் போயிருந்தால் ஒரு கிலோ சிஓடிக்கு 0.35 கன மீட்டர் மீத்தேன் கொடுத்திருக்கும். 70 கிலோவுக்கு ஏறத்தாழ 25 கன மீட்டர் மீத்தேன், எரிவாயுக் கணக்கில் 40 கன மீட்டர், உங்கள் தினசரி உற்பத்தியில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நைட்ரேட் வரை போகாமல் நைட்ரைட்டோடு நிறுத்துவதால் உயிர்வளித் தேவை 165 கிலோவிலிருந்து 123 கிலோவாகக் குறைகிறது. அந்த மின்சாரத்தில் கொஞ்சம் திரும்பி வரும். ஜவ்வரிசி ஆலையின் கழிவுநீரையே வாங்கி ஊற்றலாமே என்று சிலர் சொல்வார்கள். மரவள்ளியில் சயனைடு உண்டு, நைட்ரைட் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு அது ஆகாது. புளிக்கவைத்த திப்பியையும் காற்று ஓடாத நேரத்தில் மட்டும், சிறிது சிறிதாக விடுங்கள்.

பதில் 5: நுண்ணுயிர் ஆய்வு மாணவி

அனைவருக்கும் வணக்கம். பண்ணையாளர் ஐயாவின் வெளியேறு நீரில் அம்மோனியா 900, நைட்ரைட் 950 என்று பார்த்ததும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் நேரடியாகச் சேர்த்து நைட்ரஜன் வாயுவாக்கும் அனமாக்ஸ் நுண்ணுயிர்களுக்கு ஒன்றுக்கு 1.32 என்ற விகிதத்தில் இவ்விரண்டும் வேண்டும். அப்படி ஓர் உயிர் இருந்தாக வேண்டும் என்று எங்கல்பர்ட் புரோடா 1977-இலேயே வெப்ப இயக்கவியல் கணக்கிலிருந்து சொல்லியிருந்தார்; அந்த வினை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஒரு கழிவுநீர்க் கலனில் நடப்பது 1990-களில்தான் தெரியவந்தது. உலகில் முதல் பெரிய அனமாக்ஸ் கலன் 2002-இல் ராட்டர்டாமின் டோக்ஹாவன் நிலையத்தில், சேறு செரிப்பிக்கும் கலனின் வடிநீருக்காகவே நிறுவப்பட்டது. கரிமப் பொருளே தேவையில்லை, உயிர்வளியும் பாதிக்கு மேல் மிச்சம். அவர்கள் குளிர் நாட்டில் கலனை முப்பது டிகிரிக்கு மேல் வைத்திருக்கப் பாடுபட வேண்டும், நமக்கோ அது வாசலிலேயே கிடைக்கிறது. திப்பியைச் செலவழிக்காமல் இந்த வழியில் போகலாமா என்று கேட்கத் தோன்றுகிறது.

பதில் 6: கழிவுநீர்ப் பொறியாளர்

மாணவி சொல்வது அறிவியலில் முழுக்கச் சரி. பண்ணையில் என் கவலை வேறு. அனமாக்ஸ் இரட்டிப்பாக இரண்டு வாரம் வரை எடுத்துக்கொள்ளும். நீங்கள் சொன்ன அதே ராட்டர்டாம் கலன் முழு வேகத்துக்கு வர மூன்றரை ஆண்டு பிடித்தது, அதுவும் கண்டுபிடித்தவர்களே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்ட இடத்தில். இப்போது விதைச் சேறு வாங்கித் தொடங்குவதால் மாதக்கணக்கில் முடிகிறது என்றாலும், நைட்ரைட் சில நூறு மில்லிகிராமைத் தாண்டினாலே அது முடங்கும். கோழிக்குக் கொடுக்கும் ஆக்சிடெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் எருவில் வந்தாலும் சுணங்கும். ஆஸ்திரியாவின் ஸ்ட்ராஸ் நிலையத்தில் 2004 முதல் ஒரே தொட்டியில் இதை ஓட்டுகிறார்கள். காற்றுக் குழாயைத் திறந்து மூடுவது பிஎச்சில் 0.01 அளவு மாற்றத்தைப் பார்த்து நடக்கிறது. மின்வெட்டும் மாறும் மேற்பார்வையாளரும் உள்ள பண்ணையில் முதல் ஆண்டு வேண்டாம் என்பது என் கருத்து. இடைவிட்ட காற்றூட்டல் நன்றாக ஓடி, சேற்றில் அனமாக்ஸின் அடையாளமான செந்நிறத் துகள்கள் தானாகத் தெரியத் தொடங்கினால் அப்போது பேசலாம்.

பதில் 7: நேப்பியர் விவசாயி

பொறியாளர் ஐயாவின் நிலக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன், நான் ஒரு நாளுக்கு மட்டும் பார்த்துவிட்டேன். ஆனால் தொட்டியில் நைட்ரஜனை எடுத்த பிறகும் சாம்பல் சத்து (பொட்டாசியம்) அப்படியே இருக்குமே, தென்னைக்கு அது நல்லதுதான் அல்லவா? உப்பு ஏறாதா?

பதில் 8: கழிவுநீர்ப் பொறியாளர்

சாம்பல் சத்து, சோடியம், குளோரைடு எதுவும் தொட்டியில் குறையாது. அம்மோனியம் பைகார்பனேட் போய்விடுவதால் நீரில் கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் நன்றாக இறங்கும், ஆனாலும் நல்ல நீரில் கலந்தே பாய்ச்ச வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை மண்ணைப் பரிசோதியுங்கள். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும்.

குழாயில் படிந்த வெள்ளைக் கல் பற்றிப் பண்ணையாளர் ஐயா கேட்டிருந்தார். ஒரு துண்டைப் பெயர்த்து, பொடி செய்து, வினிகர் சில சொட்டு விட்டுப் பாருங்கள். பொங்கினால் அது சுண்ணாம்புக் கார்பனேட். பொங்காமல் மெதுவாகக் கரைந்தால் ஸ்ட்ரூவைட், அதாவது மெக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம். நீர் கலனை விட்டு வெளியே வந்ததும் கரியமில வாயு வெளியேறிப் பிஎச் ஏறும், குறிப்பாகப் பம்பிலும் வளைவிலும் நீர் கொந்தளிக்கும் இடத்தில். அங்கேதான் இது கல்லாகப் படியும். நல்ல உரம், தட்டி எடுத்துத் தென்னையடியில் போடுங்கள். நீளமாக அடைத்துக்கொண்ட குழாய்க்கு நீர்த்த அமிலத்தைச் சுற்ற விட்டால் போதும். உப்பளங்களில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் நீரில் மெக்னீசியம் ஏராளம். அதைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்து வேண்டுமென்றே ஸ்ட்ரூவைட் எடுக்கலாம் என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். பாஸ்பரஸுக்கு அது சரி. ஒரு கிலோ பாஸ்பரஸோடு அரைக் கிலோவுக்கும் குறைவான நைட்ரஜன்தான் போகும் என்பதால் உங்கள் அம்மோனியாச் சிக்கல் அதனால் தீராது.

பண்ணையாளர்

வினிகர் விட்டுப் பார்த்தேன், பொங்கவில்லை. இரவு விட்டு வைத்தது காலையில் பெரும்பகுதி கரைந்திருந்தது. கசிந்த வெல்லம் 300 கிலோவுக்குச் சொல்லியிருக்கிறேன். புளோயருக்கும் மிக்ஸருக்கும் டைமர் போட எலக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். ஒரே ஒரு கவலை மட்டும் மிச்சம். நிலத்தில் பாய்ச்சப் பிஓடி 100-க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள், எனக்கு 420 வருகிறது. சிஓடியும் 6,000-த்திலிருந்து 4,300-க்குத்தான் இறங்கியிருக்கிறது. இவ்வளவு நாள் காற்று ஊதியும் இதுதான் பலனா?

பதில் 9: கழிவுநீர்ப் பொறியாளர்

அந்த இரண்டு எண்களையும் அப்படியே நம்ப வேண்டாம். சிஓடி சோதனையில் நைட்ரைட்டும் எரிந்து கணக்கில் சேரும், ஒரு மில்லிகிராம் நைட்ரைட் நைட்ரஜனுக்கு 1.14 வீதம். உங்கள் 950-க்கு அது மட்டுமே 1,080 வருகிறது. உண்மையான சிஓடி 3,200 அளவில்தான் இருக்கும். அதிலும் பெரும்பகுதி மட்கிய பழுப்புப் பொருள், எந்த நுண்ணுயிரும் தொடாதது, காற்றால் குறையாது. நீர்நிலையில் விடுவதற்குத்தான் சிஓடி 250, அம்மோனியா நைட்ரஜன் 50 என்ற பொது வரம்புகள் உண்டு. நிலத்தில் பாய்ச்ச அந்தப் பொது விதிகளில் சிஓடிக்கு எண் இல்லை. இருந்தாலும் உங்கள் அனுமதி ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்பதே இறுதி. பிஓடி சோதனைப் புட்டியில் 27 டிகிரியில் மூன்று நாள் வைக்கும்போது, உங்கள் தொட்டியிலிருந்து வந்த அம்மோனியாத் தின்னிகள் புட்டிக்குள்ளும் வேலை செய்து உயிர்வளியைக் குடிக்கும். அடுத்த முறை மாதிரி கொடுக்கும்போது சிஓடிக்கு நைட்ரைட்டை நீக்கும் சல்ஃபாமிக் அமிலமும், பிஓடிக்கு அம்மோனியாத் தின்னிகளை நிறுத்திவைக்கும் அல்லைல் தயோயூரியாவும் சேர்த்துச் செய்யும்படி எழுதிக் கொடுங்கள். மாதிரியைக் காற்று ஓடும்போது மொண்டு எடுக்காமல், படிய விட்ட மேல்நீரிலிருந்து எடுத்து, ஐஸ் பெட்டியில் அன்றே அனுப்புங்கள். வெல்லம் ஊற்றத் தொடங்கிய மூன்றாம் நாள் பிஎச் எவ்வளவு என்று இங்கே எழுதினால், மிச்ச நாட்களுக்கான அளவைச் சரிசெய்து சொல்கிறேன்.